ஊருணிக் கரையில் படுத்திருந்தவள்

தீபலட்சுமி இறந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது நான் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். மீதிக் கஞ்சியையும் குடித்து முடித்தேன். பிறகு ஒரு சுருள் பேண்டேஜ் துணி, பஞ்சு, கையுறை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தாடையைக் கட்ட வேண்டும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், கண்ணை மூட வேண்டும். நேரம் போனால் உடம்பு விறைத்துவிடும். ஆயுள் முழுக்க நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அழுகை அதற்குப் பிறகுதான்.

அவள் வீடு செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சந்தில் இருக்கிறது. வாசலில் பந்தல்காரர் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தாயிற்று. உள்ளே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, “உடம்பை எங்க போட்டிருக்கீக?” என்று கேட்டேன்.

“உடம்பு வரலை சிஸ்டர்,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“எங்கருந்து வரலை?”

“ஆஸ்பத்திரியில இருந்து.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“அதைத்தான் தேடிக்கிட்டிருக்காக.”

உடம்பு இல்லாத வீட்டில் பந்தல் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த முதல் கோபம் அது. கடைசிக் கோபம் அல்ல.

தீபலட்சுமி யார், அவளை ஏன் பிணம் என்று நம்பினார்கள் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அவள் ஒக்கூர்ப் பெண். தச்சு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, அதே வேலை செய்யும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவன் சோணைமுத்து கதவு, ஜன்னல் செய்யும் மரப்பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் திருப்பூரில் இருக்கிறாள். மாமனார் வீரப்பன் நல்ல வேலைக்காரராக இருந்தவர். ஒரு நாள் பட்டறையிலேயே பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல், “ஆமா.” சாப்பிடுறீகளா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. மூளையில் அந்த இடம் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடுவது உண்டு. அதில் அர்த்தம் தேடக் கூடாது.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பெண்களைப் பழக்கும் வகுப்பு ஒன்றை அப்போது நான் நடத்திக்கொண்டிருந்தேன். வீரப்பன் வீட்டார் கேட்டுக்கொண்டதால் போய் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். எப்படிப் புரட்டுவது, படுக்கை விரிப்பை ஆள் கிடக்கும்போதே எப்படி மாற்றுவது, தலையை எவ்வளவு தூக்கி வைத்துக் கஞ்சி கொடுப்பது. இருமினால் உடனே நிறுத்து, ஆத்திரப்பட்டு ஊற்றாதே என்றேன். ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்ல வைக்கவில்லை. பதினோரு வருடம் ஆகிறது. வீரப்பன் முதுகில் இன்றுவரை ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. என் தொழில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் ஒரு நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க ஆட்டோ பிடித்து வருவார்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், பிஸ்கட். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று “பாவம், எப்படி இருந்த மனுசன்” என்பார்கள். காபி குடிப்பார்கள். அந்தக் காபியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பவளிடம், “நீ எப்படி இருக்கே?” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. சோணைமுத்துவின் அக்காள் வள்ளிக்கண்ணு கண்டரமாணிக்கத்தில் இருக்கிறார். மாதம் தவறாமல் வருவார். வந்ததும் அப்பாவின் விரிப்பை முகர்ந்து பார்ப்பார். அதுதான் அவர் செய்யும் சேவை.

தீபலட்சுமியின் முதுகு ஒரு கட்டத்தில் ஒத்துழைக்க மறுத்தது. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை, குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆள் வைத்துக்கொள் என்றேன். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் மகளிர் மன்றக் கட்டடத்தில் ஜெரினா என்று ஒரு பெண் யோகா சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் பங்குக் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வருகிற பெண். யோகா சொல்லித் தருவதற்காகவே பங்கில் அவளை நாலு பேர் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அவளிடம் தீபலட்சுமியை அனுப்பினேன். முதுகுக்காகத்தான் அனுப்பினேன், வேறு எதற்காகவும் அல்ல. யோகாசனம் செய்தால் சர்க்கரை போகும், பக்கவாதம் ஓடும் என்று சொல்கிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

அவள் சனிக்கிழமையோடு நிற்கவில்லை. அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஊருக்குப் பொதுவான குளம், ஒரு ஊருணி இருக்கிறது. செம்பூராங்கல் படி, நாலு பக்கமும் கரை. கிழக்குக் கரையில் குப்பை, மேற்குக் கரையில் ஒரு நாவல் மரம். தினமும் விடிந்ததும் மாமனாருக்குத் துணி மாற்றி, காபி கொடுத்து, கணவன் எழுந்து வாசலில் உட்கார்ந்த பிறகு, மகள் விட்டுப்போன பழைய சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போவாள். சாக்கை விரித்து ஆசனங்கள் செய்வாள். முடிவில் சவாசனம். கை காலைப் பரப்பிச் செத்த உடம்பு போல மல்லாந்து கிடப்பது. முகத்தில் ஈ மொய்க்கக் கூடாது என்று ஒரு வெள்ளைத் துண்டை மேலே போட்டுக்கொள்வாள்.

ஒரு தடவை அவளிடம், “முதுகு எப்படியிருக்கு?” என்று கேட்டேன்.

“முதுகு கெடக்கட்டும் சிஸ்டர். அந்த நாவமரம் இருக்குல்ல, கல்யாணமாகி வந்ததுல இருந்து அதுக்கு அடியிலதான் துணி துவைக்கிறேன். அடிமரத்தைத்தான் பாத்திருக்கேன். மேல அது இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

“எப்படி இருக்கும்?”

“ஒரு எலை அசைஞ்சா ஒரு எலை அசையாது சிஸ்டர். எல்லாம் ஒண்ணா ஆடுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எடையில எடையில வானம் துண்டு துண்டாத் தெரியும். மழைக்குப் பொறகு தண்ணியில வெயில் பட்டு, அந்த வெளிச்சம் போயி எலைக்கு அடியில நெளியுது. பாம்பு மாதிரி.” சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. “கிறுக்குச்சின்னு நெனைக்காதீக.”

“நெனைக்கல. சொல்லு.”

“வீட்டுல அடுப்புக்கிட்ட நிக்கும்போது மாமா நெனப்பு. மாமாகிட்ட நிக்கும்போது அடுப்பு நெனப்பு. தூக்கத்துல கூட அவரைத் திருப்பிப் போடுற நெனப்பு. அங்க மட்டுந்தான் சிஸ்டர், நான் எங்க இருக்கேனோ அங்க இருக்கேன்.”

என்னிடம் படித்த பெண்களுக்கு நாடி பார்க்கவும் சூடு பார்க்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதைப் பார்க்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. முன்பெல்லாம் கழுத்தோடு நின்றுவிடும்.

இதே காரைக்குடிப் பக்கத்தில் பழைய செட்டியார் பங்களாக்களை ஓட்டலாக மாற்றி, முற்றத்தில் பாய் விரித்து வெளியூர்க்காரர்களுக்கு யோகா நடத்துகிறார்கள். அவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். இயற்கையோடு ஒன்றுகிறார்களாம். நம் தெருப் பெண் நம் ஊருணிக் கரையில் உட்கார்ந்தால் மட்டும் வேலையில்லாதவள், காலைத் தூக்குகிறவள், திமிர் பிடித்தவள். “ஆம்பளைக நடமாடுற எடத்துல இதெல்லாம் என்ன?” என்று சோணைமுத்து பல முறை சொல்லியிருக்கிறார். வள்ளிக்கண்ணு ஆசனத்தின் பெயரைக் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். “பேரே பொணமாம்! சீக்காளி கெடக்குற வீட்டுல வெளங்குமா?” இந்த விஷயத்தில் மட்டும் தீபலட்சுமி யார் சொன்னதையும் கேட்கவில்லை. அவள் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. பேசாமல் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அன்று நடந்தது இதுதான். ஊருணிக் கரை வழியாகப் பால்காரர் மருதுபாண்டி சைக்கிளில் வந்திருக்கிறார். கட்டையாகக் கிடக்கும் உடம்பும் வெள்ளைத் துண்டும் கண்ணில் பட்டன. சுடிதாரை வைத்து யார் என்று தெரிந்துகொண்டார். “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டாராம். சவாசனத்தில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் எழக் கூடாது என்பது ஜெரினா சொல்லிக்கொடுத்த பாடம். எழவில்லை. கிட்டப் போய்ப் பார்த்திருக்கலாம் அல்லவா? பின்னால் அவரையே கேட்டேன். அவர் சொன்னார்: “மொகத்தை மூடியிருந்துச்சு சிஸ்டர். அப்போ யாரோ பாத்து, செத்துருச்சுன்னு தெரிஞ்சுதானே மூடியிருப்பாக?”

துண்டைப் பார்த்து முடிவு செய்த மனிதர், நேராகப் போய் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சோணைமுத்துவிடம் சொல்லிவிட்டார். சோணைமுத்து ஓடிவந்து பார்க்கிறார், கரையில் ஆள் இல்லை. இருக்காதே. அவள் எழுந்து, கையோடு கொண்டுபோயிருந்த கோதுமை டின்னை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத் தெருவில் உள்ள மாவு மில்லுக்குப் போய்விட்டாள். மில்லில் கரண்ட் இல்லை. வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் அவள் வழக்கம். இங்கே கரையில் நின்ற ஒருவர், “இப்பத்தான் மெயின் ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு” என்றார். அவ்வளவுதான், கதை முழுமையாகிவிட்டது. ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு ஆளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் போனை எடுத்துச் சாவுச் செய்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

அடுத்துக் கேட்கக் கூடியது ஒன்றுதான். “பெரியவரைக் காலையில இருந்து யாரு பாத்தது?”

வீடு நிறைய ஆள், தெரு நிறைய ஆள். உள்ளறையில் வீரப்பன் நனைந்த விரிப்பில் கிடந்தார். கொண்டுபோன கையுறையை அவருக்காக மாட்டினேன். துடைத்து, விரிப்பை மாற்றி, இடது பக்கமாகத் திருப்பிப் போட்டேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கவாதக்காரர்களுக்குக் காரணமில்லாமலும் வழியும். அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அன்று சரியாக அழுதவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அப்போதுதான் வள்ளிக்கண்ணு கண்டரமாணிக்கத்திலிருந்து வந்து இறங்கினார். ஆட்டோவிலிருந்தே குரல் கேட்டது.

“தாயாட்டம் பாத்தவளே, எங்கப்பனைத் தனியா விட்டுப் போனியே! இனிமே கஞ்சி யாரு ஊட்டுவா? கட்டில்துணி யாரு அலசுவா? எங்கப்பன் கூப்பிட்டா ஏன்னு யாரு கேப்பா?”

நான் கட்டில் ஓரத்தில் நின்று கடைசிவரை கேட்டேன். ஒப்பாரி நீளமாகப் போயிற்று. கஞ்சி வந்தது, கட்டில் வந்தது, வெந்நீர் வந்தது. செத்தவளைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அவள் நிறம் என்ன, சிரிப்பு எப்படி, அவளுக்கு என்ன பிடிக்கும், ஒன்றும் இல்லை. ஒரு வேலைக்காரி நின்றுவிட்டால் பேசுகிற பேச்சை ராகம் போட்டுப் பாடினார், அவ்வளவுதான்.

அழுகை ஓய்ந்ததும் அக்காளும் தம்பியும் உள்ளறைக்கு வந்து, என் காதுபடவே பேச ஆரம்பித்தார்கள்.

“இனி அப்பாவை என்னடா செய்யுறது?”

“காலையில நான் பாத்துக்கிறேங்க்கா. பட்டறைக்கு லேட்டாப் போனா ஒண்ணும் கெட்டுப்போகாது.”

“நான் வாரத்துல ரெண்டு நாள் வந்து தங்குறேன். மத்த நாளைக்கு ஒரு ஆளைப் போட்டுருவோம்.”

“ஏர் பெட் ஒண்ணு சொல்லிட்டேங்க்கா. மெடிக்கல்காரன் இப்பக் கொண்டாந்துருவான். அவ இல்லாம யாரு திருப்பித் திருப்பிப் போடுறது?”

காலையில் தன் அப்பாவைத் தானே பார்க்க முடியும் என்பது சோணைமுத்துவுக்குத் தெரிந்திருக்கிறது. வள்ளிக்கண்ணுவால் வர முடியும். ஆள் போட முடியும். காற்று மெத்தை, வேண்டும் வேண்டும் என்று தீபலட்சுமி கேட்டு நானும் கேட்டுச் சலித்துப்போன பொருள், ஒரே போனில் வருகிறது. அவள் முதுகு இருந்தவரை மெத்தைக்கு அவசியமில்லை. இத்தனைக்கும் காற்று மெத்தை போட்டாலும் ஆளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அதுகூட மகனுக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக முடியாது முடியாது என்றதெல்லாம், அவள் செத்துப் பந்தல் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குள் ஒக்கூரிலிருந்து அவள் அண்ணன் ஸ்ரீநிவாசன் வந்துவிட்டார். பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவர வேண்டுமே. இறந்த பெண்ணுக்குப் போர்த்துகிற புதுச்சேலை. வழியில் கடையைத் திறக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, மாலையோடு வாசலில் நின்று, “என் தங்கச்சி எங்கே?” என்றார்.

“இங்கதான் இருக்கேன்ணே,” என்று அவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “எதுக்கு மாலை? யாருக்கு என்ன?”

இடுப்பில் மாவு டின்னோடு தீபலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கை, தலை எல்லாம் மாவு. பந்தலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. டின்னைக் கீழே போட்டுவிட்டு, “மாமா!” என்று கத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடிவந்தாள். செத்தது அவர் என்று நினைத்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்போ யாரு சிஸ்டர்?” என்று கேட்டாள்.

“நீதான்,” என்றேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நான் நாகரிகமாக எழுத முயற்சி செய்கிறேன். உயிரோடு வந்தவளை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. திட்டினார்கள்.

“அடிப் பாவி! ஊரைக் கூட்டி அழ வச்சுட்டியே!” என்றார் வள்ளிக்கண்ணு. “நல்லா இருக்குறவ எவளாவது பொணம் மாதிரிக் கெடப்பாளா? ஆட்டோவுல வந்தவ நெஞ்சு வெடிச்சுச் செத்திருந்தா?”

“பந்தல்காரனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றார் சோணைமுத்து.

ஸ்ரீநிவாசன் மட்டும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தங்கை அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். அரக்கு நிறம், மஞ்சள் கரை. “சேலை நல்லா இருக்குண்ணே. பொங்கலுக்குக் கூட இப்படி எடுத்ததில்லையே நீ.”

“தொடாதடி! கோடி அது!” என்று வள்ளிக்கண்ணு பிடுங்கினார். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், வீட்டில் வைக்கக் கூடாது, எரிக்கலாமா, ஆற்றில் விடலாமா என்று ஒரு பெரிய விவாதம். என்னிடம் கொடுங்கள் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்தச் சாஸ்திரம் கிடையாது. நல்ல பருத்தி. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

நேரம் பார்த்து மெடிக்கல் கடைக்காரர் காற்று மெத்தைப் பெட்டியோடு வந்து நின்றார். சோணைமுத்து தணிந்த குரலில், “இப்பத் தேவையில்ல தம்பி, கொண்டு போயிரு” என்றார்.

“பெட்டியை எறக்கு,” என்றேன். “அதைத் திருப்பிக் கொண்டுபோனா, நீயும் இந்த வீட்டுக்காரரும் நான் பேசப்போறதையெல்லாம் கேக்க வேண்டியிருக்கும்.” இறக்கிவிட்டார்.

வள்ளிக்கண்ணு ஒரு தட்டில் சூடம் கொளுத்திக்கொண்டு வந்தார். “இதுல அடிச்சுச் சத்தியம் பண்ணு. இனிமே அந்தக் கரைக்குப் போக மாட்டேன், யோகா கீகான்னு படுக்க மாட்டேன்னு. ஒரு தடவை பொணம்னு பேர் வாங்கிட்டே. இன்னொரு தடவை நெசமாயிரும்.”

சுற்றி நின்ற பெண்களும் பண்ணிவிடு, பண்ணிவிடு என்றார்கள். எனக்கு உண்மையில் பயம் வந்தது. அன்றாடம் விடிகாலையில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். சூடத்தில் கை பட்டால் அவள் வாக்கு மீற மாட்டாள். பிறகு சாகும்வரை அந்த நாவலின் அடிமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தீபலட்சுமி கையை நீட்டவில்லை. கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “நான் செத்துட்டேன்னு நெனச்சீகள்ல மதினி, மாமாவைக் காலையில யாரு பாக்குறதுன்னு பேசுனீகளா?” என்று கேட்டாள்.

“பேசுனாக,” என்றேன் நான். “காலையில உன் வீட்டுக்காரரு. வாரத்துல ரெண்டு நாளு வள்ளிக்கண்ணு. மீதிக்கு ஒரு ஆளு. எல்லாம் முடிவாயிருச்சு.”

“அப்படியா?” அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “சரி. நாளைக்குக் காலையில இருந்து அவுகளே பாக்கட்டும். நான் கரைக்குப் போயிட்டு வெயில் ஏறினப் பொறகு வாரேன்.”

“அது நீ செத்துட்டேன்னு நெனச்சுப் பேசினது!” என்று கத்தினார் வள்ளிக்கண்ணு. “இப்பத்தான் நீ உசுரோட இருக்கியே!”

“ஆமா மதினி. உசுரோட இருக்குறதாலதான் போறேன்.”

வள்ளிக்கண்ணு அப்பாவிடம் முறையிட்டார். “அப்பா, நீங்களே சொல்லுங்க. இவ போகக் கூடாதுல்ல?”

“ஆமா,” என்றார் வீரப்பன்.

“கேட்டுக்க!”

தீபலட்சுமி எழுந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். “மாமா, நான் போயிட்டு வரட்டா?”

“ஆமா,” என்றார் வீரப்பன்.

வாசல்வரை நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பந்தல்காரர்தான் பலமாகச் சிரித்தார். சூடம் தட்டிலேயே எரிந்து அணைந்தது.

மறுநாள் விடிந்ததும் நான் போனேன். சோணைமுத்துமேல் எனக்கு நம்பிக்கையில்லை. அவர் கையில் வாளியோடு, கோவிலுக்குப் போகிற வழியில் தவறி வேறு எங்கோ வந்துவிட்டவர் போல நின்றார். தீபலட்சுமி சாக்கை இடுக்கிக்கொண்டு வாசலில் தயங்கினாள்.

“துண்டு எங்க இருக்குன்னு அவுகளுக்குத் தெரியாது சிஸ்டர்.”

“தேடட்டும்.”

“வெந்நி பதம் பாக்கத் தெரியாது.”

“கையை விட்டுப் பாக்கட்டும். நீ போ.”

போனாள். சோணைமுத்துவுக்கு எங்கே பிடித்துப் புரட்டுவது என்று காட்டினேன். தோளிலும் இடுப்பிலும் கைவைக்கச் சொன்னேன், கையைப் பிடித்து இழுத்தார். திட்டு வாங்கினார். அப்பா முறைக்கிறார் என்றார். முறைக்கட்டும் என்றேன். பாதியில் குமட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வரும்வரை நின்றேன். எல்லாம் முடிந்தபோது சட்டை நனைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “தெனமுமா சிஸ்டர்?” என்று கேட்டார். இத்தனை வருடம் அதே வீட்டில் இருந்தவர் கேட்ட கேள்வி.

“தெனமும்,” என்றேன். “இது காலையில மட்டும் உள்ளது. மத்தியானம் தனி, ராத்திரி தனி.”

மூன்று மாதமாகிறது. அவர் பெரும்பாலும் செய்கிறார். சில நாட்களில் பட்டறையில் அவசர வேலை என்று நழுவப் பார்ப்பதும், தீபலட்சுமி பேசாமல் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் நடக்கிறது. ஆள் இன்னும் போடவில்லை. வள்ளிக்கண்ணு இரண்டு தடவை வந்தார், பிறகு அவருக்கு மூட்டுவலி.

என் கோபம் ஆறவில்லை. ஆறாததற்குக் காரணம் தெரு. டீக்கடையில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் ஒரே பேச்சு. “சோணைமுத்து மாதிரி ஒரு புள்ளை கெடைக்குமா? பெத்த அப்பனுக்குத் தன் கையாலயே தொடைச்சு விடுறாராம்ல! அவரு பொஞ்சாதி அங்குட்டுக் கரையில போயி மல்லாந்து கெடக்காளாம்.” கோவிலில் கூப்பிட்டு அவருக்குப் பரிவட்டம் கட்டாததுதான் பாக்கி. பதினோரு வருடம் ஒருத்தி செய்தபோது அது காற்றுப் போல இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. ஒருவர் மூன்று மாதம் காலையில் மட்டும் செய்தால் ஊர் மெய்சிலிர்க்கிறது.

இதைக் கொட்டித் தீர்க்க நேற்று ஊருணிக் கரைக்கே போய்விட்டேன். அவள் சாக்கில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக இருந்தது. தண்ணீரில் அல்லி திறந்திருந்தது. தெருவில் பேசுவதை ஒன்று விடாமல் சொன்னேன்.

“சொல்லிட்டுப் போகட்டும் சிஸ்டர்,” என்றாள். “அந்தத் தவளையைப் பாருங்க, படிக்கல்லு நெறத்துலயே இருக்கு. இவ்வளவு நேரம் நானும் கல்லுன்னுதான் நெனச்சேன்.”

பார்த்தேன். கல் மாதிரியேதான் இருந்தது.

“நாளைக்கு நீங்களும் ஒரு சாக்கைக் கொண்டாங்களேன் சிஸ்டர். கொஞ்ச நேரம் படுத்தீகன்னா கோவம் கொறையும்.”

எனக்குக் குறைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதே சந்தில் இன்னும் இரண்டு வீட்டில் ஆள் படுக்கையில் கிடக்கிறார்கள். அங்கே பார்த்துக்கொள்கிற பெண்கள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.